3000 ஆங்கில வார்த்தை மனப்பாடம், ஆனால் போனில் பேச ஒன்றும் வரவில்லை. உதவி தேவை

மோட்டார்_கோவை:
வணக்கம். டிப்ளமோ முடித்துவிட்டு கோயம்புத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் சர்வீஸ் பிரிவில் இருக்கிறேன். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வெளிமாநில போன் வந்தால் ஆங்கிலத்தில்தான் பேசியாக வேண்டும். அதற்காக ஏழு மாதமாகத் தினமும் 15 வார்த்தை, நோட்டில் இடது பக்கம் ஆங்கிலம், வலது பக்கம் தமிழ் என்று எழுதிப் படிக்கிறேன், 3000 தாண்டிவிட்டது. வலது பக்கத்தை மறைத்துக்கொண்டால் முக்கால்வாசிக்கு அர்த்தம் சொல்லிவிடுவேன்.

போன வாரம் புனேயிலிருந்து ஒருவர், சர்வீசுக்கு அனுப்பிய மோட்டார் என்ன ஆச்சு என்று கேட்டார். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது வைண்டிங், எரிந்து கிடந்தது. நான் "மோட்டார் ரிப்பேர் சார்" என்றேன். அவர் சரிசெய்து முடித்துவிட்டோம் என்று எடுத்துக்கொண்டு, மறுநாளே அதை எடுத்துப்போக வண்டி அனுப்பிவிட்டார். மேனேஜர் முன்னால் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். ராத்திரி நோட்டைப் புரட்டினால் அபண்டன்ட், பெனவலன்ட் எல்லாம் இருக்கிறது. தினமும் 30 ஆக்கட்டுமா?

வங்கித்தேர்வு:
30 ஆக்காதீங்க ப்ரோ. நீங்க சொல்ற ரகத்துச் சொற்கள் போட்டித் தேர்வுப் பட்டியலில் வர்றது, எதிர்ச்சொல்லைத் தேடி டிக் அடிக்கத்தான் நாங்க படிக்கிறோம். பார்த்தால் அடையாளம் தெரியுறது வேற, வேண்டிய நேரத்துல வாயில வர்றது வேற. ஒரு தடவை இடது பக்கத்தை மறைச்சு, தமிழைப் பார்த்து ஆங்கிலம் சொல்லிப் பாருங்க.

மோட்டார்_கோவை:
இப்போதே செய்து பார்த்தேன். 20க்கு 4தான் வந்தது.

டியூஷன்_அக்கா:
தம்பி, நீங்கள் உழைத்தது வீண் இல்லை, மறைத்த பக்கம்தான் தப்பு. ஆனால் 'ரிப்பேர்' விஷயம் அதைவிடப் பெரியது, அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன்.

தமிழ்ப் பேச்சில் ரிப்பேர் என்றால் கெட்டுப்போனது. ஆங்கிலத்தில் சரிசெய்வது. அப்படியே தலைகீழ். இதே மாதிரி, 'எனக்கு ஒரு டவுட்' என்பதை வெளிநாட்டுக்காரரிடம் அப்படியே சொன்னால், தன் பேச்சை நீங்கள் நம்பவில்லையோ என்று அவர் நினைக்கலாம். அங்கே 'கொஸ்டின்' போதும். கடையில் நாம் கேட்கும் கவர், ஆங்கிலத்தில் 'பேக்'. உங்கள் வாயில் ஏற்கெனவே நூற்றுக்கணக்கில் ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன, முதலில் அவற்றைத்தான் சோதிக்க வேண்டும். லீக் ஆகுது என்பது 'இட் இஸ் லீக்கிங்'. டைட் பண்ணுங்க என்பது 'டைட்டன் இட்', வெறும் டைட் இல்லை. 'ஆகுது', 'பண்ணு' என்று தமிழில் ஒட்டிக்கொண்டே வருவதால் ஆங்கில வினைவடிவம் நமக்குப் பழகுவதே இல்லை.

அப்புறம், சொல்லைத் தனியாகப் படிக்காதீர்கள். தமிழில் மழை பெய்யும், வெயில் அடிக்கும். வெயில் பெய்கிறது என்று யாரும் சொல்வதில்லை. அங்கேயும் அப்படித்தான், மழைக்கு 'ஹெவி', டீக்கு 'ஸ்ட்ராங்', மாற்றிப் போட்டால் ஒட்டாது. அதனால் நோட்டுக்குப் பதில் சின்னச் சின்ன அட்டையில் முழு வாக்கியமாக எழுதுங்கள், முன்பக்கம் 'வைண்டிங் எரிஞ்சிருச்சு, இன்னும் சரிபண்ணல', பின்பக்கம் 'த வைண்டிங் இஸ் பர்ன்ட் அவுட், வீ ஹேவ் நாட் ரிப்பேர்டு இட் யெட்'. ஒரு நாளைக்கு ஐந்து அட்டை போதும். 1972ல் லைட்னர் என்ற ஜெர்மன்காரர் சொன்ன பெட்டி முறையில் அடுக்குங்கள்: சரியாகச் சொன்னது அடுத்த அறைக்குப் போகும், சில நாள் கழித்துத்தான் மறுபடி வரும், தவறினது முதல் அறைக்கே திரும்பும். போனில் வேண்டுமானால், இப்படி நாள் இடைவெளி விட்டு அட்டைகளைக் காட்டும் ஆங்கி (Anki) செயலி இருக்கிறது.

பொதுச் சொற்களுக்கு மைக்கேல் வெஸ்ட் 1953ல் வெளியிட்ட 2000 சொல் பட்டியல் போதும். சாதாரண எழுத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு அந்தச் சொற்கள்தான். அபண்டன்ட் பிறகு வரட்டும்.

பயணி77:
தமிழே எழுதக்கூடாது, ஆங்கிலத்திலேயே யோசிக்கணும். இல்லன்னா மனசுக்குள்ள மொழிபெயர்த்துக்கிட்டே இருப்போம்.

டியூஷன்_அக்கா:
இதில் எனக்கு உடன்பாடு இல்லை. பட்டறையில் அவர் தமிழில்தான் பழுதைப் பார்க்கிறார், அந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்து ஆங்கிலத்துக்குப் போகும் வழிதான் அவருக்கு வேண்டும். பழகப் பழக நடுவில் இருக்கும் தமிழ் தானாக விலகிவிடும்.

சப்மெர்சிபிள்:
நானும் இதே தொழில்தான். பம்போட வர்ற ஆங்கிலக் கையேட்டோட கடைசிப் பக்கங்களைப் பாருங்க, பழுது, காரணம், தீர்வுன்னு ஒரு அட்டவணை இருக்கும். உங்களுக்கு வேண்டிய வாக்கியம் பாதி அதுலயே கிடைக்கும். தினமும் ஒரு வரி, சத்தமா படிங்க.

மோட்டார்_கோவை:
மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். 90 அட்டை ஆகியிருக்கிறது, பாதி கையேட்டிலிருந்து எடுத்தது. இன்னும் திணறுகிறேன், ஆனால் நேற்று நாக்பூர்காரரிடம் "த ஷாஃப்ட் சீல் இஸ் லீக்கிங், வீ வில் ரிப்ளேஸ் இட்" என்று நிறுத்தாமல் சொன்னேன், அவர் எத்தனை நாள் ஆகும் என்று மட்டும் கேட்டார். அக்காவுக்கு ரொம்ப நன்றி. ஒன்று மட்டும் மாட்டிக்கொண்டேன்: பைப்பில் ஏர் புடிச்சிருக்கு, தண்ணி ஊத்தி எடுக்கணும் என்பதை எப்படிச் சொல்வது?

சப்மெர்சிபிள்:
"தேர் இஸ் ஏர் ட்ராப்ட் இன் த சக்‌ஷன் பைப், ப்ளீஸ் ப்ரைம் த பம்ப்." தண்ணி ஊத்தி ஏரை எடுக்குறதுக்கு 'ப்ரைம்' ஒரே சொல்தான். அட்டையில ஏத்திக்கோங்க.