காய்ச்சல் வரலைன்னா தடுப்பூசி பிடிக்கலையா?

கவின் அம்மா:
மகனுக்கு 6ஆவது வாரம் பென்டாவேலன்ட் (அஞ்சு நோயைத் தடுக்கிற ஊசி) போட்டப்போ ராத்திரி முழுக்கக் காய்ச்சல். நேத்து 10ஆவது வார ஊசி. தொடை லேசா வீங்கினதோட சரி, சிரிச்சுட்டுக் கிடக்கான். "உடம்பு சுடலைன்னா மருந்து பிடிக்கல"ங்கிறாங்க மாமியார். நிஜமா?

ஓய்வுபெற்ற நர்ஸ்:
இல்லம்மா. 30 வருஷம் ஊசி போட்டவ சொல்றேன். காய்ச்சல் உடம்போட முதல் கூச்சல்தான். பெரும்பாலும் அந்த ஊசில இருக்கிற கக்குவான் இருமல் மருந்தால வரும், ஒண்ணு ரெண்டு நாள்ல அடங்கிடும். நோயை எதிர்க்கிற புரதங்களை பி செல்கள்ங்கிற வெள்ளணுக்கள் சத்தமில்லாம, வாரக்கணக்குல செய்யும். அதைத் தொட்டுப் பார்த்து அளக்க முடியாது. 14ஆவது வார ஊசியைத் தவறவிடாதீங்க.

புதுக்கோட்டைக்காரன்:
எங்க வீட்ல குழந்தைக்கு பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) போட்ட இடத்துல ஒரு மாசம் கழிச்சுக் கொப்புளம். அப்பத்தா மஞ்சப் பத்தோட கிளம்பிடுச்சு!

ஓய்வுபெற்ற நர்ஸ்:
எதுவும் தடவாதீங்க தம்பி. தானே காஞ்சு தழும்பாகும்.

கவின் அம்மா:
மாமியாருக்குப் படிச்சுக் காட்டினேன். "30 வருஷமா?"ன்னு மட்டும் கேட்டாங்க.