அடர்தீவனத்தை இரண்டு வேளையில் வைப்பதா, நான்காகப் பிரிப்பதா?

சத்தியமங்கலத்தான்:
வணக்கம். ஜெர்சி கலப்பு மாடு, இரண்டாம் ஈத்து, கன்று போட்டு இரண்டு மாதம். நாளுக்கு 14 லிட்டர் கறக்கிறது. காலையிலும் சாயங்காலமும் கறவையின்போது வேளைக்கு மூன்றரை கிலோ அடர்தீவனம் (தானிய மாவு, தவிடு, புண்ணாக்கு போன்றவை கலந்த தீவனம்) வைக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மக்காச்சோள மாவு. அப்புறம் கோ-4 புல், சோளத்தட்டு. கொஞ்ச நாளாகப் பாலில் கொழுப்பு 4.1-லிருந்து 3.3-க்கு இறங்கிவிட்டது. சாணி இளகி, நுரையோடு விழுகிறது. தீவன அளவைக் குறைக்காமல் வேளையை மட்டும் கூட்டினால் சரியாகுமா?

பழைய கொட்டகை:
சரியாக நல்ல வாய்ப்பு இருக்கிறது தம்பி. மாவுச்சத்து அசையூண் வயிற்றில், அதாவது மாட்டின் முதல் பெரிய வயிற்றில், வெகு வேகமாகப் புளிக்கும். மூன்றரை கிலோ ஒரே மூச்சில் உள்ளே போனால், அடுத்த சில மணி நேரத்தில் அமிலம் குவிந்து பி.எச். அளவு (இது குறையக் குறையப் புளிப்பு அதிகம்) 6-க்குக் கீழே போகலாம். நாரைச் செரிக்கிற பாக்டீரியாக்களுக்கு அந்தப் புளிப்பு ஆகவே ஆகாது. அவை மந்தமானால் தட்டும் புல்லும் அரைகுறையாகத்தான் செரிக்கும், நார் செரிக்கும்போது உண்டாகிற அசிட்டிக் அமிலம் குறையும். பால் கொழுப்புக்கு அதுதான் முக்கியமான மூலப்பொருள். உங்கள் மாட்டுக்கு இதுதான் நடக்கிறது என்று நினைக்கிறேன்.

அதே ஏழு கிலோவைப் பிரித்து வைத்தால், ஒவ்வொரு முறையும் கொஞ்சமாக ஏறும் அமிலத்தை உமிழ்நீர் சமாளித்துவிடும். வளர்ந்த மாட்டுக்கு நாளுக்கு 100 லிட்டருக்கு மேல் உமிழ்நீர் ஊறும். ஆப்ப சோடாவில் இருக்கிற அதே பைகார்பனேட் அதிலும் இருக்கிறது. ஆனால் அது ஊற வேண்டுமென்றால் மாடு மென்று அசை போட வேண்டும். அதனால் முதலில் தட்டு, பிறகு அடர்தீவனம். தட்டைப் பொடிப்பொடியாக நறுக்காதீர்கள். இன்னொன்று, மாடு படுத்து அசை போடும்போது தீவனம் வைக்கிறேன் என்று போய் எழுப்பிவிடாதீர்கள், பாவம்.

காராம்பசு:
எங்கள் வீட்டில் நாட்டு மாடுதான். பகலில் மேய்ச்சல், ராத்திரி தட்டு, கறக்கும்போது ஒரு கிலோ தவிடு. வேளை பிரித்ததே இல்லை, சாணி நன்றாகத்தான் போடுகிறது.

பழைய கொட்டகை:
அதற்குத் தேவையே இல்லைங்க. பிரித்து வைப்பதன் பலன் அடர்தீவனம் நிறையப் போகிற மாட்டுக்குத்தான். தட்டை எட்டுத் தடவை வைத்தாலும் செரிமானம் பெரிதாக அதிகரிக்காது. தொட்டியில் எப்போதும் இருந்தால் போதும், வேண்டும்போது அதுவே தின்றுகொள்ளும்.

சத்தியமங்கலத்தான்:
மதியம் அம்மா மட்டும்தான் வீட்டில் இருப்பார். மூன்று வேளை போதுமா அண்ணா?

பழைய கொட்டகை:
போதும். வேளைக்கு இரண்டரை கிலோவைத் தாண்ட வேண்டாம். மக்காச்சோளத்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டுத் தவிடும் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கும் சேருங்கள். ஒரே நாளில் மாற்றாமல் பத்து நாளில் மெதுவாக மாற்றுங்கள். இடையில் மாடு தீவனத்தைத் தொடாமல் நின்றாலோ, அசை போடுவதை நிறுத்தினாலோ, கால் நொண்டினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டுவிடுங்கள்.