மற்றவர்களுக்குப் புரிய நிரலில் எவ்வளவு கமெண்ட் எழுத வேண்டும்?

அரைப்புள்ளி:
நான் எழுதிய பைத்தான் ப்ரோகிராம் ஒன்றை வேறு இரண்டு பேரிடம் ஒப்படைக்க வேண்டும். கமெண்ட், அதாவது படிப்பவருக்காக நிரலுக்குள் எழுதும் குறிப்பு, அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கிறது. சரி, வரிக்கு வரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தால் "எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுகிறோம்" என்கிற ரகமாகவே வருகிறது. இதையெல்லாம் யார் படிப்பார்கள்? எதை எழுதுவது, எதை விடுவது?

பழைய கீபோர்டு:
அந்த ரகத்தையெல்லாம் தயங்காமல் அழியுங்கள். என்ன செய்கிறது என்பதை நிரலே சொல்லிவிடும், ஏன் அப்படி என்பதைத்தான் நீங்கள் சொல்ல வேண்டும். மறுபடி முயல்வதற்கு முன் 3 விநாடி காத்திருக்கும்படி எங்கோ எழுதியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். "3 விநாடி காத்திரு" என்ற கமெண்ட்டால் யாருக்கும் பிரயோஜனமில்லை. "இதைவிடச் சீக்கிரம் கேட்டால் எதிர்ப்பக்க சர்வர் நம்மை வெளியே தள்ளிவிடுகிறது, குறைக்காதீர்கள்" என்று இருந்தால்தான், அடுத்து வருகிறவர் வேகப்படுத்துகிறேன் பேர்வழி என்று அதில் கை வைக்க மாட்டார்.

நள்ளிரவு லூப்:
முதலில் பெயர்களைச் சரிசெய்யுங்கள், பாதிக் கமெண்ட் தேவையே இருக்காது. 'டைம்அவுட்' என்று மொட்டையாக வைத்தால் விநாடியா மில்லிவிநாடியா என்று எப்படித் தெரியும்? அலகையும் பெயரிலேயே சேருங்கள். அப்புறம், வெளியிலிருந்து கூப்பிடுகிற ஒவ்வொரு ஃபங்ஷனுக்கும் டாக்ஸ்ட்ரிங், அதாவது அதன் தொடக்கத்திலேயே எழுதும் விளக்கம், வேண்டும். ஹெல்ப் என்று கேட்டால் பைத்தான் காட்டுவது அதைத்தான். எப்படி எழுதுவது என்பதற்கு 2001இல் வந்த பெப் 257 என்ற பைத்தான் வழிகாட்டி இருக்கிறது, சின்ன ஆவணம்தான். என்ன வாங்கும், என்ன திருப்பித் தரும், எப்போது எக்செப்ஷன் (பிழை) எறியும் என்பது போதும். காலி லிஸ்ட் கொடுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள், மறுநாளே அதைத்தான் உங்களிடம் வந்து கேட்பார்கள்.

கம்பைலர் கோபம்:
எல்லாம் சரி, ஆறு மாதத்தில் நிரல் ஒரு பக்கம் போயிருக்கும், கமெண்ட் பழைய கதையே பேசிக்கொண்டிருக்கும். பொய் சொல்லும் கமெண்ட்டுக்கு இல்லாததே மேல். அதனால் டாக்ஸ்ட்ரிங்கிலேயே >>> குறி போட்டு ஓர் உதாரணமும் அதன் விடையும் எழுதுங்கள். பைத்தானோடு வரும் டாக்டெஸ்ட் என்ற சோதனைக் கருவி அதை ஓட்டிப் பார்த்து, விடை மாறியிருந்தால் ஃபெயில் என்று காட்டிவிடும்.

அரைப்புள்ளி:
டேட்டாபேஸைத் தொடுகிற ஃபங்ஷனுக்கும் இது ஆகுமா?

கம்பைலர் கோபம்:
அதற்கு வேண்டாம், தனியாக யூனிட் டெஸ்ட் (அந்த ஃபங்ஷனைச் சோதிக்கும் நிரல்) எழுதுங்கள். நேரம், ரேண்டம் எண் என்று ஓட்டும்போதெல்லாம் விடை மாறுகிற இடங்களிலும் டாக்டெஸ்ட் தொல்லைதான். ப்ரோகிராமோடு சேர்த்துக் கொடுக்கும் அறிமுகக் குறிப்பான ரீட்மீ ஃபைல் இருக்கிறதா? எதை இன்ஸ்டால் செய்வது, எந்தக் கட்டளையில் ஓட்டுவது, பாஸ்வேர்டு எந்த என்விரான்மென்ட் வேரியபிளில் (நிரலுக்கு வெளியே கணினியில் வைக்கும் அமைப்பு மதிப்பு) இருக்க வேண்டும், இதை இன்றைக்கே எழுதிவிடுங்கள், மற்றதை மெதுவாகப் பார்க்கலாம்.