புதிய பீட்டை எதிலிருந்து தொடங்குவது: தாளத்திலிருந்தா, மெட்டிலிருந்தா?

காலிப்பக்கம் கேட்டது:

வணக்கம். பாடகர் இல்லாமல் வாத்திய ஒலிகளால் மட்டுமே நிற்கும் ஹிப்-ஹாப் பீட்களை வீட்டிலிருந்தபடியே செய்து பழகி வருகிறேன். எஃப்.எல். ஸ்டுடியோ என்ற இசை மென்பொருளும் சிறிய மிடி கீபோர்டு ஒன்றும் இருக்கின்றன. எளிய கார்டுகளை வாசிப்பேன். நொட்டேஷன் படிக்க வராது. என் சிக்கல் முழுவதும் தொடக்கத்தில்தான் இருக்கிறது. புதிய ப்ராஜெக்டைத் திறந்ததும் கிக் (கனத்த டிரம் அடி) ஒலிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டிக் கேட்கத் தொடங்கிவிடுகிறேன். மாலைப்பொழுது கழிந்த பிறகு பார்த்தால் நல்ல கிக் ஒன்று கிடைத்திருக்கும், இசை என்று எதுவும் இருக்காது. அதையும் மீறி ஏதேனும் அமைந்தால், அது நான்கு பாருக்குள்ளேயே (நான்கு அடி சேர்ந்தது ஒரு பார்) சுற்றிக்கொண்டிருக்கும். அனுபவமுள்ள நீங்கள் முதலில் எதை முடிவு செய்கிறீர்கள்? வேகத்தையா, டிரம்ஸையா, மெட்டையா? காரணத்தோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

இடக்கைத்தாளம் எழுதியது:

நான் தாளத்திலிருந்து தொடங்குபவன். ஆனால் ஒலியைத் தேடுவதும் தாளத்தை அமைப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு கிக், ஒரு ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி), ஒரு ஹை-ஹாட் (சிறு தட்டின் ஒலி), ஒரு பேஸ், ஒரு பியானோ ஆகியவற்றை ஒரு நாள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்து, அவற்றை டெம்ப்ளேட்டாகச் சேமித்துவிடுங்கள். புதிய ப்ராஜெக்ட் ஒவ்வொன்றும் அந்த ஐந்தோடுதான் திறக்க வேண்டும். கிக் பிடிக்கவில்லையென்றால் பீட் வடிவம் பெற்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம். மிடி, அதாவது எந்த நோட் எப்போது விழ வேண்டும் என்ற குறிப்பு, அப்படியே இருக்கும், ஒலி மட்டும்தான் மாறும்.

அடுத்து வேகம். பழைய நியூயார்க் பாணி பூம்-பேப் வேண்டுமானால் 85 முதல் 95 பிபிஎம் (நிமிடத்துக்கு இத்தனை அடி) வரை எங்கேனும் நிறுத்துங்கள். ட்ராப் வேண்டுமானால் 140-ஐ ஒட்டி வைத்து, ஸ்னேரை மூன்றாம் அடியில் மட்டும் வைத்தால், காதுக்கு அது 70 போலக் கேட்கும். நடுவில் ஹை-ஹாட் விரைந்து ஓடுவதற்கான இடமும் கிடைக்கும். ஆகவே வேகத்தை முடிவு செய்யும்போதே நீங்கள் எந்தப் பாணிக்குள் நிற்கிறீர்கள் என்பதும் பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பிறகு ஸ்விங், அதாவது ஒன்றுவிட்டு ஒரு நோட்டைச் சற்றுத் தாமதமாக விழவைப்பது. புதியவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். 90 பிபிஎம்மில் ஓர் அடி ஏறத்தாழ 667 மில்லி விநாடி. அதை நான்காகப் பிரித்தால் வரும் பதினாறில் ஒரு பங்கு நோட் (பாரில் பதினாறில் ஒன்று) 167 மில்லி விநாடி. ரோஜர் லின் வடிவமைத்து 1988-இல் வெளிவந்த ஆகாய் எம்.பி.சி.60 என்ற பீட் செய்யும் கருவியில் ஸ்விங் 50 சதவீதம் என்றால் எல்லா நோட்களும் சம இடைவெளியில் விழும். 66 என்றால் அடியை மூன்றாகப் பிரிக்கும் மும்மை நடைக்கு வந்துவிடும். நடுவில் 58 என்று வைத்தால் இரட்டைப்படை நோட் ஒவ்வொன்றும் சுமார் 27 மில்லி விநாடி தாமதமாக விழுகிறது. தாமதம் என்று தனியாகக் காதில் விழாது, ஆனால் தலை தானாக ஆடத் தொடங்கும். எஃப்.எல். ஸ்டுடியோவின் ஸ்விங் திருகு வேறு அளவுகோலில் இயங்குவதால், எண்ணைப் பார்க்காமல் காதால் வையுங்கள். கிக்கையும் ஸ்னேரையும் ஹை-ஹாட்டையும் மட்டும் ஓடவிட்டு இந்தத் திருகை மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் பேஸ் வரி ஒன்று மனத்தில் தானாக ஓடும். எனக்கு மெட்டு அங்கிருந்துதான் பிறக்கிறது.

வெட்டி_ஒட்டு எழுதியது:

மேலே உள்ள நண்பரின் டெம்ப்ளேட் யோசனையை முழுமனதோடு ஏற்கிறேன்; தாளமே முதலில் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. டிரம்ஸை முதலில் கச்சிதமாக முடித்துவிட்டால், பின்னால் வரும் கார்டுகள் அதற்குள் அடங்கிப் போக வேண்டியதாகிறது. பாடகர் வரப்போகும் பீட்டுக்கு அது சரி. பாடகரே இல்லாத பீட்டில் கேட்பவரைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாலும் ஒரு சிறிய இசைத்துணுக்குதான் என்பதால், அதை முதலில் கண்டுபிடித்துவிட்டு டிரம்ஸை அதன் கீழே போடுவதே என் வழக்கம்.

பிறருடைய இசைத்தட்டிலிருந்து எடுத்தால் உரிமை பெறும் தொல்லை இருக்கிறது. எனவே உங்கள் கீபோர்டிலேயே 100 பிபிஎம்மில் நான்கு கார்டுகளை எட்டு பார் வாசித்து, அதை ஆடியோவாக ஏற்றுமதி செய்யுங்கள். பிறகு அந்த ஆடியோவை, நீளத்தைக் காக்கும் வசதியை அணைத்துவிட்டு, மூன்று அரைச்சுரம் கீழே இறக்குங்கள். சுருதி இறங்கும்போது வேகமும் சேர்ந்து குறையும். 100 பிபிஎம் ஏறத்தாழ 84 ஆகிவிடும், பியானோவின் ஒலியும் கனத்து மங்கலாகும். இப்போது அதைப் பதினாறு துண்டுகளாக வெட்டிக் கீபோர்டின் கட்டைகளில் பரப்பி, வாசித்த வரிசையை மறந்துவிட்டு வேறு வரிசையில் தட்டிப் பாருங்கள். ஒரு கார்டின் வால் இன்னொன்றின் தலையோடு மோதும் இடத்தில், நீங்கள் நினைத்தே பார்த்திராத ஒரு மெட்டு கிடைக்கும். டிரம்ஸின் வேகம், பேஸின் சுருதி ஆகிய இரண்டையும் அந்தத் துண்டுகளே சொல்லிவிடும்.

ஆயத்த ஒலியிலிருந்து தொடங்குவது சோம்பேறித்தனம் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். கேசியோ எம்.டி.-40 என்ற சிறிய கீபோர்டில் ஏற்கெனவே பதிந்திருந்த ஒரு தாளத்தை வேகம் குறைத்து எடுத்துத்தான், 1985-இல் ஜமைக்காவில் கிங் ஜாமி 'ஸ்லெங் டெங்' என்ற ரெகே பின்னணித் தாளத்தை உருவாக்கினார். ரெகே இசை கணினி ஒலிகளின் பக்கம் திரும்பியதில் அந்த ஒரு பொத்தானுக்குப் பெரிய பங்கு உண்டு. முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும்.

அடித்தளம் எழுதியது:

சுருக்கமாக ஒன்று. எதிலிருந்து தொடங்கினாலும் பேஸைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். ரோலண்ட் டி.ஆர்.-808 என்ற டிரம் கருவி 1980 முதல் 1983 வரைதான் தயாரிக்கப்பட்டது. ஆனால் அதன் நீண்ட கிக் ஒலியைத்தான் இன்று பாதிப் பேர் பேஸாக வாசிக்கிறோம். அதற்குச் சுருதி உண்டு என்பதை மறந்துவிட்டால் கார்டுகளோடு மோதும். எஃப் சுருதியில் பீட் செய்தால் அந்த 808-இன் அடிநாதம் சுமார் 44 ஹெர்ட்ஸில் இருக்கும். கைபேசி ஒலிபெருக்கியில் அது அறவே கேட்காது. சிறிது சாச்சுரேஷன் (ஒலியை லேசாகச் சிதைக்கும் வசதி) சேர்த்து மேல் அதிர்வுகளை எழுப்பினால்தான் அங்கும் பேஸ் இருப்பது தெரியும்.

காலிப்பக்கம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒரு துணைக்கேள்வி. ஊர்த் திருவிழாவில் குழுவினரின் அனுமதியோடு கைபேசியில் பதிந்த பறையடி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதிலிருந்தே பீட்டைத் தொடங்க ஆசை. ஆனால் மென்பொருளின் தாளக் கட்டத்தில் வைத்தால் எங்கும் பொருந்தவில்லை.

இடக்கைத்தாளம் எழுதியது:

பொருந்தாததற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பறையடிகள் பல மும்மை நடையில் செல்பவை. நீங்கள் நான்காகப் பிரித்த கட்டத்தில் வைத்திருப்பீர்கள். கட்டத்தை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள், பாதிச் சிக்கல் தீரும். இரண்டு, கையால் அடிக்கும் குழுவின் வேகம் போகப் போக ஏறும். முழுப் பதிவையும் ஒரே பிபிஎம்முக்கு இழுக்க முயன்றால் ஒலி கிழிந்துபோகும். வேகம் நிலையாக இருக்கும் இரண்டு பாரை மட்டும் தேடி வெட்டி, ப்ராஜெக்டின் வேகத்தை அதற்கேற்ப மாற்றுங்கள்.

அதன் மேல் கிக் போடும் முன், அடிக்குச்சியின் கனத்த ஒலி எங்கெங்கே விழுகிறது, சிண்டுக்குச்சியின் கூர்மையான ஒலி எங்கெங்கே விழுகிறது என்று காதால் பிரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கிக்கை அடிக்குச்சியோடு சேர்த்து வையுங்கள். சிண்டு ஏற்கெனவே ஹை-ஹாட் செய்யும் வேலையைச் செய்துகொண்டிருப்பதால் தனியாக ஹை-ஹாட் தேவைப்படாது.

வெட்டி_ஒட்டு எழுதியது:

இந்த ஒரு விஷயத்தில் இடக்கைத்தாளத்தோடு சண்டையில்லை. பறையே அங்கு இசைத்துணுக்காகவும் இருக்கிறது.

நான்கு பாரில் சுற்றுவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். எட்டு பார் முழுமையாக அமைந்தவுடன், மெருகேற்றாமல், அதை இரண்டு நிமிட நீளத்துக்கு நகலெடுத்துப் பரப்பிவிடுங்கள். பிறகு சேர்ப்பதை நிறுத்திவிட்டு அழிக்கத் தொடங்குங்கள். முதல் எட்டு பாரில் டிரம்ஸ் வேண்டாம். நடுவில் நான்கு பார் பேஸ் இல்லாமல் போகட்டும். ஒவ்வொரு எட்டாவது பாரின் கடைசி அடியிலும் கிக்கை எடுத்துவிடுங்கள். பறைப் பதிவில் வேகம் ஏறிய பகுதியை வீசிவிடாதீர்கள். பீட்டின் இறுதியில், கட்டம், பிபிஎம் எதையும் பார்க்காமல், மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதை மட்டும் அப்படியே ஓடவிடலாம்.