வீட்டு எரிசக்தித் தணிக்கைக்கு வருபவர் எதையெல்லாம் அளந்து பார்க்க வேண்டும்?

கேள்வி

வணக்கம். புதிதாக எந்தச் சாதனமும் வாங்காத நிலையிலும் எங்கள் வீட்டு மின்பயன்பாடு ஓராண்டாக ஏறிக்கொண்டே போகிறது. மேல்மாடிப் படுக்கையறையில் ஏசி இரவு முழுவதும் ஓடினாலும் குளிர் தங்குவதில்லை. சென்ற மாதம் தணிக்கைக்கென்று வந்த ஒருவர், கருவி எதையும் வெளியில் எடுக்காமலேயே இருபது நிமிடங்களில் அறைகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இன்னும் பெரிய ஏசி வாங்கும்படி எழுதிக் கொடுத்துச் சென்றார். அடுத்த வாரம் வேறொருவர் வருகிறார். முறையான தணிக்கை எப்படி நடக்கும், நான் எவற்றை ஆயத்தமாக வைத்திருக்க வேண்டும்? அந்த அறையில் உறங்குபவர் என் வயதான தாயார் என்பதால் இதைத் தள்ளிப்போட மனமில்லை.

மறுமொழி 1

இப்பணியைப் பல ஆண்டுகளாகச் செய்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: அளக்காமல் சொல்லப்படுவது தணிக்கை ஆகாது. ஓரளவு பெரிய வீட்டுக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும். கடந்த 12 மாத மின்கட்டண ரசீதுகளை எடுத்து வையுங்கள். எந்த மாதத்தில் ஏற்றம் தொடங்கியது என்பதே முதல் துப்பு. எந்த அறை எந்த நேரத்தில் வெக்கையாக இருக்கிறது என்பதையும் குறித்து வையுங்கள்.

முக்கியமான சோதனை காற்றுக்கசிவைப் பற்றியது. வாசற்கதவின் சட்டத்தில் துணித்திரையோடு ஒரு விசிறியைப் பொருத்தி, சன்னல்களையெல்லாம் அடைத்துவிட்டு, உள்ளிருக்கும் காற்றை வெளியே இழுப்பார்கள். வீட்டின் உள்ளழுத்தம் வெளியழுத்தத்தைவிட 50 பாஸ்கல் குறையும். அது ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் உயர நீரின் அழுத்தம்தான் என்பதால் காது அடைக்காது, வீட்டுக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தச் சிறு வேறுபாட்டிலேயே ஒவ்வொரு இடுக்கின் வழியாகவும் வெளிக்காற்று உள்ளே பாயத் தொடங்கும். அப்போது அவருடனேயே நடந்து, சுவிட்சுப் பெட்டி, சன்னல் சட்டம், கூரையில் விளக்குக்காக வெட்டிய துளை ஆகியவற்றின் அருகே புறங்கையை வைத்துப் பாருங்கள். எங்கிருந்து காற்று வருகிறது என்பதை உங்கள் கையே சொல்லிவிடும். எரிவாயுவில் இயங்கும் நீர்சூடேற்றி வீட்டுக்குள் இருந்தால், விசிறி ஓடும் முன் அதை அணைத்தாக வேண்டும். இல்லையெனில் புகைக்குழாயின் வழியே நச்சுவாயு உள்ளே திரும்பக்கூடும்.

சுவர், கூரையின் வெப்பநிலை வேறுபாடுகளைப் படமாகக் காட்டும் வெப்பப்படக் கருவியும் கொண்டு வருவார். உள்ளுக்கும் வெளிக்கும் சுமார் 10 டிகிரி செல்சியஸ் வேறுபாடு இருந்தால்தான் படம் தெளிவாக விழும். வெயில் நேரடியாக விழுந்த சுவரைப் படமெடுத்தால் அது நம்மை ஏமாற்றிவிடும் என்பதால், அவர் கேட்கும் நேரத்தைக் கொடுங்கள்.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றோடு சாதனங்களின் மின்னிழுவையையும் அளக்கச் சொல்லுங்கள். அணைத்து வைத்ததாக நாம் நினைக்கும் ஒரு கருவி ஐந்து வாட் இழுத்துக்கொண்டிருந்தால், ஆண்டுக்குச் சுமார் 44 யூனிட் போய்விடும். குளிர்பதனப் பெட்டி விட்டுவிட்டு ஓடுவது; அதற்கு ஒரு நாள் முழுவதும் மீட்டர் பொருத்தி வைக்க வேண்டும்.

தங்கள் தாயாரின் அறைக்குக் குளிர்காற்று எப்படி வருகிறது? அறையிலேயே உள்ள தனி ஏசியா, டக்ட் எனப்படும் காற்றுக்குழாய் வழியாகவா?

கேட்டவர்

டக்ட் வழியாகத்தான் ஐயா. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே ஓடுகிறது. இதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை.

மறுமொழி 1

அப்படியானால் அங்கிருந்தே தொடங்கச் சொல்லுங்கள். டக்டின் இணைப்பு விலகியிருந்தால் குளிர்ந்த காற்று கூரை இடைவெளியில் கொட்டிவிடும். வீட்டிலிருந்து இழுத்த காற்று வீட்டுக்கே திரும்பி வராததால் அந்தக் குறையை ஈடுகட்ட வெளியிலுள்ள வெங்காற்று இடுக்குகளில் நுழையும். இந்நிலையில் பெரிய ஏசி வைத்தால் கசிவும் பெரிதாகுமே தவிர அறை குளிராது. முதலில் கசிவை அடைப்பது, பிறகு வெப்பக்காப்பு, அதற்குப் பின்னரே எந்த அளவு ஏசி வேண்டும் என்ற கணக்கு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி எழுதித் தருபவரின் அறிக்கையை நம்ப வேண்டாம்.

கேட்டவர்

நேற்று தணிக்கை முடிந்தது. மூன்றரை மணி நேரம் ஆயிற்று. விசிறி ஓடியபோது தாயாரின் கட்டிலுக்கு மேலிருந்த விளக்குத் துளையில் கை வைத்தேன். அடுப்படியில் நிற்பதுபோல் வெங்காற்று வந்தது. கூரைப் பலகையைக் கழற்றியபோது டக்டின் ஒரு வளைவு முற்றிலும் கழன்று தொங்கியது. சுற்றியிருந்த துணி டேப் காய்ந்து உரிந்திருந்தது. இணைப்பை மீண்டும் பொருத்தி, பூச்சுப் பசையால் அடைத்தார்கள். விளக்குத் துளைகளை அடைக்கும் வேலை நாளை. அதன்பின் அதே 50 பாஸ்கலில் காற்றுக்கசிவை மறுபடி அளந்து, முன்பும் பின்பும் வந்த இரண்டு எண்களையும் அறிக்கையில் அருகருகே எழுதித் தரும்படி கேட்டிருக்கிறேன். நேற்றிரவு ஏசி இடையிடையே நின்று ஓடியது. பின்னிரவில் தாயார் போர்வை கேட்டார்.