முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து வரும் ஸ்ட்ரைக்கரைச் சேர்க்கலாமா?

வணக்கம். கடலூரில் எங்கள் கால்பந்து அணி தோல்விமேல் தோல்வி காண்கிறது. பந்தைக் கோல் வரை கொண்டுபோகிறோம். உள்ளே தள்ளத்தான் ஆளில்லை. புதுச்சேரித் தம்பி ஒருவர் வரத் தயார். ஏசிஎல் (முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்) கிழிந்து, அறுவைச் சிகிச்சை முடிந்து இன்னும் 9 மாதம் ஆகவில்லை. நேராக ஓடும்போது குறையே தெரியவில்லை. சட்டென்று திரும்பும்போது மட்டும் இடது காலை ஊன்றத் தயங்குகிறார்.

முழங்கால் காயத்திலிருந்து மீண்ட பிரேசிலின் ரொனால்டோ 2002 உலகக் கோப்பையில் 8 கோல் அடித்ததையே செயலாளர் அண்ணன் ஓயாமல் சொல்கிறார். ஏசிஎல் காயத்துக்குப் பின் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு வந்த ஃபால்காவோ, 2014-15 லீக்கில் 4 கோலோடு நின்றது அவருக்கு நினைவில்லை போலும்!

கடைசி 20 நிமிடம் மட்டும் இறக்கலாமா? ஒற்றைக்கால் தாண்டும் சோதனையில் இரு கால்களும் ஏறக்குறைய சமமாகும்வரை காத்திருப்பதா? இப்பக்கம் விளையாட்டு வீரர்களைப் பார்க்கும் பிசியோதெரபிஸ்ட் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.