இரவில் கரும்பாலையை நேரில் வரைவது: தாளுக்கு என்ன விளக்கு?

வாய்க்கால்மேட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம்ங்க. ஊர் கவுந்தப்பாடி பக்கம், கீழ்பவானி வாய்க்கால் ஓரம். பகலில் வெளியே உட்கார்ந்து வரைவது பழக்கம்தான். கொடிவேரி அணை, பவானி கூடுதுறைப் படித்துறை, சந்தை என்று நேரில் போய் வாட்டர்கலரிலும் குவாஷிலும் (அடியில் இருப்பது தெரியாமல் மூடுகிற தண்ணீர் வண்ணம்) வரைகிறேன். இப்போது ஆசை ராத்திரி மேல் திரும்பியிருக்கிறது.

பக்கத்துத் தோட்டத்தில் கரும்பாலை ஓடுகிறது. பழனி பஞ்சாமிர்தத்துக்கு எங்கள் ஊர் நாட்டுச்சர்க்கரை போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அது காய்கிற இடத்தை இருட்டில் பார்த்தவர்கள் குறைவு. விடிவதற்கு வெகுநேரம் முன்பே அடுப்பு மூட்டிவிடுவார்கள். காய்ந்த சக்கையை உள்ளே தள்ளும்போதெல்லாம் கொட்டகை முழுக்க ஆரஞ்சாகிறது, அடுத்த நிமிடமே பழுப்பாகிறது. கொப்பரைக்கு மேலே எழும் ஆவியில் கீழ்ப்பாதி சிவப்பு. மேல்பாதி நீலம், அந்தப் பக்கம் ஒரு எல்இடி பல்பு தொங்குவதால்.

தலையில் மாட்டும் டார்ச் போட்டுக்கொண்டு வரைகிறேன். அங்கே உட்கார்ந்திருக்கும்போது படம் அச்சு அசலாக இருக்கிறது. காலையில் வாசலில் வைத்துப் பார்த்தால் கொட்டகை ஒரே கறுப்பு, ஆள் யார் தூண் எது என்று தெரியவில்லை. நெருப்பு மட்டும் குங்குமத்தைக் கொட்டியது போல ஒரே சிவப்பு. ஒவ்வொரு தடவையும் இதே கதைதான். என் நிறக்கலவையில் கோளாறா, விளக்கிலா? விளக்கு என்றால் என்ன வாங்குவது?

---

பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் எழுதியது:

அம்மிணி, கலவையை விடுங்க. முதலில் அந்தத் தலை டார்ச்சைக் கழற்றுங்க.

நான் ஈரோட்டில் போர்டும் சுவர் விளம்பரமும் எழுதிப் பிழைத்தவன். தேர்தல் வந்தால் ராத்திரியெல்லாம் சுவர்தான். முதலில் பெட்ரோமாக்ஸ், அப்புறம் கம்பத்தில் கட்டிய டியூப் லைட். விளக்கு என்னென்ன பொய் சொல்லும் என்பதைச் சுவர் எழுதியவனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர்மேல் மஞ்சள் எழுத்து கண்ணுக்கே தெரியாது. தெருவில் பழைய சோடியம் விளக்கு இருந்தால் நீலம், பச்சை, கறுப்பு மூன்றும் ஒரே டப்பா. அதனால்தான் நாங்கள் டப்பாக்களை எப்போதும் ஒரே வரிசையில் வைப்போம். கைக்கு இடம் தெரிந்தால் போதும், கண்ணை நம்ப வேண்டியதில்லை. உங்கள் பேலட்டிலும் அப்படியே வையுங்க.

இப்போது உங்கள் கறுப்புக்கு வருகிறேன். டார்ச் தாள்மேல் பளீரென்று அடிக்கிறது. அதனால் நீங்கள் வைக்கிற ஒவ்வொரு நிறமும் இருக்க வேண்டியதைவிட வெளுப்பாகத் தெரியும். 'இன்னும் இருட்டு வேணும், இன்னும் இருட்டு வேணும்' என்று அப்பிக்கொண்டே போவீர்கள். அந்த வெளிச்சத்தில் கண்ணின் பாவையும் சுருங்கிப்போகும், நிமிர்ந்து கொட்டகையைப் பார்த்தால் மூலைகள் இன்னும் இருட்டாகத் தெரியும். இரண்டு பக்கமும் சேர்ந்து படத்தைக் கறுப்பாக்குகின்றன.

சிவப்புக்குக் காரணம் வேறு. மலிவான எல்இடியில் சிவப்பு ஒளி குறைவு. ஆரஞ்சு வைத்தால் செத்த பழுப்பாகத் தெரியும், உடனே கை தானாகச் சிவப்பைச் சேர்க்கும். விடிந்து வெயில் பட்டதும் அத்தனை சிவப்பும் எழுந்து நிற்கும். பல்பு வாங்கும்போது அட்டையில் சிஆர்ஐ என்று போட்டிருப்பதைப் பாருங்க, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு அது. 90க்கு மேல் இருக்கணும். வெளிச்சத்தின் நிறம் 4000 கெல்வின் அளவில் இருந்தால் போதும்.

விளக்கைத் தாளுக்கு மேலே கிளிப் போட்டு மாட்டுங்க, ஒளி உங்கள் கண்ணில் அடிக்கக் கூடாது. பட்டர் பேப்பரை மடித்து மடித்துச் சுற்றி மங்கலாக்குங்க. எவ்வளவு மங்கல் என்றால், அந்த எல்இடி பல்புக்கு அடியில் யாராவது வெள்ளை வேட்டியோடு நிற்பார் இல்லையா, அந்த வேட்டியும் உங்கள் வெறும் தாளும் ஒரே வெளுப்பாகத் தெரியணும். தாளைத் தூக்கி, வேட்டிக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி பிடித்துப் பாருங்க. தாள் பளிச்சென்று இருந்தால் இன்னொரு மடிப்பு. ரொம்ப மங்கலாக்கினாலும் ஆபத்துதான், அப்போது காலையில் படம் வெளிறிக் கிடக்கும்.

அடுப்பு வெளிச்சம் தாள்மேல் விழவே கூடாது. அடுப்பைப் பார்த்து உட்கார்ந்து, தாளை நிமிர்த்தி அதன் முதுகை அடுப்புக்குக் காட்டுங்க. அது ஆடுகிற ஆட்டத்தில் எந்த நிறத்தையும் தீர்மானிக்க முடியாது.

இன்னொன்று. நட்சத்திரம் பார்க்கிறவர்கள் சிவப்பு விளக்கு வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். இருட்டுக்குப் பழகிய கண் கெடாது என்பது உண்மைதான். ஆனால் சிவப்பு விளக்கில் சிவப்புப் பெயின்டும் வெள்ளைத் தாளும் ஒன்று. நமக்கு ஆகாது.

---

படித்துறை எழுதியது:

அண்ணா சொன்னது முழுக்கச் சரி. ஆனால் எல்லாவற்றையும் அங்கேயே நிறத்தில் முடிக்க வேண்டும் என்று என்ன கட்டாயம்?

ஓவியர் விஸ்லர் 1870களில் தேம்ஸ் நதியின் இரவுக் காட்சிகளை வரைந்தது நினைவிலிருந்துதான். ராத்திரி போய் நன்றாகப் பார்த்து மனதில் ஏற்றிக்கொள்வார், வண்ணம் தீட்டுவது ஸ்டூடியோவில். ஓவியர் வான் கோ நேர் எதிர். 1888இல் பிரான்ஸின் ஆர்ல் ஊரில், ரோன் நதிக்கரையில் கேஸ் விளக்கு வெளிச்சத்திலேயே வரைந்தார். இருட்டில் நீலத்தைப் பச்சை என்று எடுத்துவிட வாய்ப்புண்டு என்று தங்கைக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். தெரிந்தேதான் உட்கார்ந்தார்.

நான் பேரூரில் நொய்யல் கரையில் செய்வது விஸ்லர் வழி. பென்சிலில் மூன்றே அழுத்தம்: வெளிச்சம், நடு, இருட்டு. ஓரத்தில் நிறத்தைச் சொல்லில் எழுதிவிடுவேன், 'ஆவியின் அடி செங்கல், மேலே சாம்பல் நீலம்' என்பது போல. மறுநாள் காலையில், நினைவு ஆறும் முன் வண்ணம். போனில் எடுத்த படத்தை நம்ப வேண்டாம். அது இருட்டைத் தானாக வெளிச்சமாக்கும், நெருப்பை வெறும் வெள்ளையாக்கும்.

கண்ணைப் பற்றியும் ஒன்று. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். அடுப்பு வாயை ஒரு தடவை உற்றுப் பார்த்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். அதனால் இருட்டு மூலைகளை முதலில் முடித்துவிட்டு, நெருப்பைக் கடைசியில் பாருங்கள்.

நிலாவையும் வரைய நினைத்தால் பௌர்ணமிக்கு முந்தின நாள் போங்கள். சூரியன் மறையும் முன்பே நிலா கிழக்கே எழுந்திருக்கும், வானத்தில் நிறமும் மிச்சம் இருக்கும். நம் ஊரில் அந்தி நீளாது, சூரியன் மறைந்து அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நிலாவின் இடத்தை முதலிலேயே குறித்துவிடுங்கள். தன் அகலம் அளவு நகர அதற்கு இரண்டு நிமிடம் போதும்.

---

திம்பம் 27 எழுதியது:

விளக்கைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. கவுந்தப்பாடியில் பயமில்லை, ஆனால் அடுத்து சத்தி, பண்ணாரி என்று ஆசை வரும், வந்தே தீரும். மலையடிவாரத்துக் கரும்புக் காட்டில் ராத்திரி ஸ்டூல் போட்டு உட்காராதீர்கள். சத்தியமங்கலம் 2013லிருந்து புலிகள் காப்பகம். ஆனைக்குக் கரும்பு என்றால் எவ்வளவு இஷ்டம் என்று காட்டுக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். திம்பம் மலைப்பாதையிலும் ராத்திரிப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு உண்டு.

மார்கழிப் பனியில் வாட்டர்கலர் காயவே காயாது. தண்ணீரைக் குறைத்து குவாஷில் போங்கள். ஆலையில் இன்னொரு வேடிக்கை, ஈரமான தாளில் சக்கைச் சாம்பல் வந்து ஒட்டும். ஈரத்தில் துடைத்தால் இழுகிவிடும். காய்ந்த பிறகு ஊதிவிட்டால் போய்விடும்.

---

வாய்க்கால்மேட்டுக்காரி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றிங்க. வேட்டிச் சோதனையைப் படித்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் ஆலையில் எல்லோரும் லுங்கிதான், வெள்ளைத் துண்டு கிடைக்கும், அதை வைத்துப் பார்க்கிறேன். படித்துறை அண்ணா, நினைவிலிருந்து வரைய எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. அங்கே இருக்கும்போதே வண்ணம் வைக்கிற சுகத்தை விடவும் மனமில்லை.

போர்டு அண்ணா, நெருப்பை எப்படி வைப்பது? வெள்ளையோடு மஞ்சள் கலந்தால் பால் மாதிரி ஆகிவிடுகிறது.

---

பழைய போர்டு ஆர்ட்டிஸ்ட் எழுதியது:

வெள்ளையைத் தொடாதீங்க அம்மிணி. அடுப்பு வாயை வெறும் தாளாகவே விட்டு, அதன்மேல் தண்ணீரான மஞ்சள் ஒரே ஒரு பூச்சு. சுற்றி ஆரஞ்சு, அதைச் சுற்றி பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. இருட்டுக்குக் கறுப்பு டியூப் வேண்டாம், அல்ட்ராமரைன் நீலமும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அடுப்புப் பக்கம் சூடாகவும் பல்புப் பக்கம் குளிர்ச்சியாகவும் சாய்த்துக்கொள்ளலாம். குவாஷில் அடர்நிறம் காய்ந்ததும் கொஞ்சம் வெளுக்கும், வெளிர்நிறம் கொஞ்சம் கருக்கும். தாளின் ஓரத்தில் ஒரு பொட்டு வைத்துக் காயவிட்டுப் பார்த்துக்கொள்ளுங்க.

நெருப்பு மாறிக்கொண்டே இருக்கிறதே என்று துரத்த வேண்டாம். சக்கை தள்ளிய உடனே வருகிற அந்த ஆரஞ்சுதான் வேண்டுமென்றால், அது வரும்போது மட்டும் பிரஷ்ஷை எடுங்க. மீதி நேரம் தூண், கூரை, ஆள் நிற்கிற நிலை. பாகு பதம் வரும் சமயம் தீயைக் குறைத்துவிடுவார்கள், அதற்கு முன்னால் வெளிச்ச வேலை முடிந்திருக்கணும். எப்போது இறக்குவார்கள் என்று ஆலைக்காரரிடம் முதலிலேயே கேட்டு வையுங்க.

பட்டர் பேப்பர் பேக்கரியில் கேட்டால் கொடுப்பார்கள். ஸ்டேஷனரி கடையில் வாங்கினால் விலை அதிகம்.